முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு

பம்பாய் விமான நிலையத்தில் எங்கள் பெட்டிகளை எடை போட்ட பெண், நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்: "டுகெதர்?"

பதில் சொல்ல என் வீட்டுக்காரர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நோ, நோ. ஸெபரேட். ஒன் ஃபிரண்ட், ஒன் பேக்" என்றார்.

அந்தப் பெண் அப்போதுதான் நிமிர்ந்தாள். அவரைப் பார்த்தாள். அவருக்கு நாலடி பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள். என் கழுத்தில் கிடந்த தாலியையும் பார்த்தாள். இரண்டு அட்டைகளில் சீட் நம்பர் எழுதி நீட்டினாள்.

நான் கூமாப்பட்டியில் வளர்ந்தவள்தான். ஆனாலும் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். ஸெபரேட் என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை அது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவருக்கு, ஆப்பிரிக்காவில் நைரோபிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மில்லில் மூன்று வருஷத்துக்கு வேலை கிடைத்திருந்தது. என்னையும் கூட்டிக்கொண்டு போகிறார். கல்யாணமாகி நாலு வருஷம், பிள்ளை இல்லை. அந்த நாலு வருஷத்தில் ஒரு பஸ்ஸில்கூட அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் இல்லை.

என் டிக்கெட் போகவும் வரவும் சேர்த்து எடுத்தது. ஒரு வருஷத்துக்குள் என்றைக்கு வேண்டுமானாலும் திரும்பலாம். ஊரில் விடைபெறும்போது அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஒன் டிக்கெட்ட நீயே பத்திரமா வச்சுக்க தாயி. அங்க போயும் மாப்பிள்ளை இப்படியேதான் இருப்பாருன்னா ஒரு நாள்கூட இருக்க வேண்டாம். திரும்பி வந்துரு. அப்பா இருக்கேன்."

அட்டையைக் கையில் வாங்கியபோதே நான் முடிவு செய்துவிட்டேன். நைரோபியில் இறங்கியதும் சொல்லிவிட்டு, அடுத்த விமானத்தில் திரும்பிவிடுவது.

இரண்டு வாசல்

அந்தக் காலத்து டவுன் பஸ் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்வாசல் பெண்களுக்கு, பின்வாசல் ஆண்களுக்கு. புருஷன் பெண்டாட்டியாகவே இருந்தாலும் அவள் முன்னால் ஏறுவாள், அவன் பின்னால் ஏறுவான். நடுவில் ஐம்பது தலை இருக்கும்.

அவருடைய தங்கை ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மாதம் ஒரு தடவையாவது போவோம். பின்னால் இருந்து அவர் கண்டக்டரிடம், "முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, ஸ்ரீவில்லிபுத்தூர்" என்று டிக்கெட் எடுத்துவிடுவார். கண்டக்டர் ஊர்ந்து ஊர்ந்து முன்னால் வந்து என்னிடம் கேட்பார்.

"எங்கம்மா போகணும்?"

"பின்னாடி எடுத்துட்டாக."

"யாருப்பா அது, முன்னாடி பச்சைச் சேலைக்கு டிக்கெட் எடுத்தது?"

தலைகளுக்கு மேலே ஒரு கை உயரும். அந்தக் கையைப் பார்த்துத்தான் என் புருஷனும் இதே பஸ்ஸில் வருகிறார் என்று நான் தெரிந்துகொள்வேன்.

டவுன் பஸ்ஸை விடுங்கள், அது எல்லோருக்கும் அப்படித்தான். மதுரைக்குப் போகிற பஸ்ஸிலும், திருநெல்வேலிக்குப் போகிற பஸ்ஸிலும் இரண்டு பேர் உட்காரும் சீட்டில் சோடி சோடியாகத்தான் வருவார்கள். புதுசாகக் கல்யாணமானதுகள் ஒரு முறுக்கை உடைத்து ஆளுக்குப் பாதி தின்னும். இவர் மட்டும் என்னை முன்னால் யாராவது ஒரு அம்மாளுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, நேராகக் கடைசி வரிசைக்குப் போய் சன்னலோரம் பிடித்துவிடுவார்.

ஊர் வந்து இறங்கினால் ஆளைக் காணாது. பத்து நிமிஷம் நான் பையோடு பஸ் ஸ்டாண்டில் தனியாக நிற்பேன். பிறகு முகம் கழுவி, தலையைப் படிய வாரி, ஒரு கிராம்பை மென்றுகொண்டு எங்கிருந்தோ வருவார். கூட்டம் கலையட்டும், இவளோடு சேர்ந்து இறங்கியதை யாரும் பார்க்க வேண்டாம் என்று காத்திருந்து வருகிறார் போல என்று நினைத்துக்கொள்வேன்.

சாப்பாடும் அப்படித்தான். கூமாப்பட்டிக்குப் போவதென்றால் விடிய எழுந்து புளிச்சாதம் கிளறி இலையில் கட்டுவேன். புறப்படுவதற்கு முன்னால் ஒரு வாய்கூடத் தொடமாட்டார். கேட்டால், "போற எடத்துல பாத்துக்கிடலாம்" என்பார். கட்டின பொட்டலம் கட்டினபடி என் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேரும்.

ஒரு தடவை கேட்டேன்.

"ஏங்க, எல்லாரும் சோடியா உக்காந்து வாராக. நாம மட்டும் ஏன் இப்படிப் போறோம்?"

"எங்க உக்காந்தா என்ன? பஸ்ஸு ஒரே ஊருக்குத்தான போவுது?"

இதற்கு மேல் என்ன கேட்பது? வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்றேன். அவர் நல்ல சிவப்பு, பார்க்க லட்சணமாக இருப்பார். நான் கறுப்பு, முன்பல் இரண்டும் கொஞ்சம் எடுப்பு. காரணம் இதுதான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். வலித்தது. யாரிடமும் சொல்ல முடியாத வலி.

வீட்டுக்குள் அவர் நல்ல மனிதர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குடித்ததில்லை, கை நீட்டியதில்லை, சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து தருவார். அதனால்தான் எனக்கு அப்போது புரியவே இல்லை. வாசல்படி தாண்டினால் இந்த மனிதருக்கு என்ன ஆகிறது?

சட்டைப் பையில் ஒரு பழம்

விடை கிடைத்துவிட்டதென்று ஒரு நாள் நினைத்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வந்த மறுநாள் அவர் சட்டையை ஊறப்போடும்போது பையில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. கடையில் வாங்கியதென்றால் என்னிடம் தந்திருப்பார். பழம் வாடியிருந்தது. மேலே நாலைந்து இடத்தில் நகத்தால் கீறின தடம். அடுத்த மாதமும் அதேபோல ஒன்று.

எங்கள் வீட்டுக்காரம்மா சீத்தம்மா. தெலுங்கு பேசுகிறவர். நாலு குடித்தனத்துக்கும் நடுவில் இருந்த குழாயடியில் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. பழத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"தேவுடா! அதை ஏன் அம்மாயி கையால தொட்ட? கீறியிருக்கு பாரு. மந்திரிச்ச பழம். ஒன்னயும் ஒன் புருஷனையும் பிரிச்சு வைக்கன்னே யாரோ குடுத்துருக்காக."

"அவிய யார்ட்ட வாங்கப் போறாக?"

"வாங்கணும்னு இல்ல. தெரியாம பையில போட்டுருப்பாக. வாசலத் தாண்டுனா ஒன்னக் கண்டா ஆகலேன்னு சொல்ற பாரு, அதுக்கு இதான் காரணம்."

எனக்குச் சட்டென்று மனசு லேசானது. காரணம் என் பல் இல்லை, நிறம் இல்லை, செய்வினை! இவ்வளவு சந்தோஷமாகச் செய்வினையை ஏற்றுக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பரிகாரமும் சீத்தம்மாவே சொன்னார். அவரையும் அழைத்துக்கொண்டு அய்யனார் கோவிலுக்குப் போக வேண்டும். அவருக்குத் தெரியாமல் பையில் இருக்கும் பழத்தை எடுத்து ஓடுகிற தண்ணீரில் எறிய வேண்டும். எறிந்தபின் திரும்பிப் பார்க்கக் கூடாது.

மில்லுக்கு லீவு நாளாகப் பார்த்துக் கிளம்பினோம். வழக்கம்போல முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. மாந்தோப்புகளைத் தாண்டி மலையடிவாரத்தில் பஸ் நின்றது. மழை பெய்து ஆற்றில் நல்ல தண்ணீர். அவர் சட்டையைக் கழற்றிப் பாறைமேல் வைத்துவிட்டுக் குளிக்க இறங்கினார்.

பையில் கையை விட்டேன். இருந்தது. புதுப்பழம். முந்தானையால் பிடித்து எடுத்து, அய்யனாரை நினைத்துக்கொண்டு தண்ணீரில் வீசினேன். திரும்பி நடக்கும்போது கல் தடுக்கியது. விழாமல் இருக்கப் பாறையைப் பிடித்தவள், ஒரு ஓரப்பார்வை பார்த்துவிட்டேன். பழம் மிதந்து போய்க்கொண்டிருந்தது.

பழம் போன கையோடு பலன் தெரிந்தது! குளித்துக் கரையேறியவர், "பசிக்கி. என்ன கொண்டாந்துருக்க?" என்றார். என் புளிச்சாதத்தை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். கல்யாணமான நாளாக ஒரு பிரயாணத்தில் அவர் நான் கட்டிய சோற்றைத் தின்றது அன்றுதான் முதல் தடவை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திரும்பும்போது பஸ் பாதி வழியில் நின்றது. சன்னல் வழியாகப் பார்த்தால் அவர் பின்வாசலில் இறங்கி நிற்கிறார். மெல்ல என் சன்னலுக்குக் கீழே வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"நீ போ. நான் நடந்து வாரேன்."

"ஏங்க, என்னாச்சு?"

"போன்னு சொல்றேன்லா."

பஸ் நகர்ந்துவிட்டது. பெண்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தவர், "ஏம்மா, சண்டையா?" என்று கேட்டார். நான் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் வீடு வந்து சேர இரண்டு மணி நேரமாயிற்று. வந்ததும் படுத்துவிட்டார்.

"திரும்பிப் பாத்தியா?" என்று கேட்டார் சீத்தம்மா.

"கல்லு தடுக்குச்சு. அப்ப லேசா..."

"அதான். போனது திரும்பி வந்துட்டு" என்று முடித்துவிட்டார். ஆக, குற்றம் என்னுடையதாகவே ஆகிவிட்டது.

இரண்டு நாள் ரயில்

ஆப்பிரிக்கா வேலை வந்ததும் குழாயடியில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அங்கே சிங்கம் தெருவில் வருமாம், மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டால் கை ஒரு மாதம் வீங்குமாம். எனக்குச் சிங்கத்தைப் பற்றியும் ஊசியைப் பற்றியும் கவலை இல்லை. சொந்தக்காரர் இல்லாத, மில் ஆட்கள் இல்லாத ஒரு ஊர். அங்கேயாவது என்னோடு சேர்ந்து நடப்பாரா என்பதுதான் என் கவலை.

மெட்ராஸில் பம்பாய் ரயில் ஏறினோம். அதற்குப் பிறகு நடந்ததை என்னால் நம்ப முடியவில்லை.

எதிர் சீட் காலியாக இருந்தும் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வேர்க்கடலை வாங்கி உரித்துக் கொடுத்தார். நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் மெஷினில் நூல் அறுந்தால் சத்தத்தை வைத்தே எந்தப் பக்கம் என்று எப்படிக் கண்டுபிடிப்பார் என்பதைச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் சுவரேறிக் குதித்துக் காலை ஒடித்துக்கொண்ட கதையைச் சொன்னார். நாலு வருஷத்துப் பேச்சை இரண்டு நாளில் பேசினார்.

சாப்பாடு? இரண்டு நாளைக்கென்று நான் கட்டிக்கொண்டு போன இட்லியும் மிளகாய்ப்பொடியும் குண்டக்கல் வருவதற்குள் காலி. தமிழ்நாட்டுச் செய்வினைக்கு ஆந்திராவில் அதிகாரம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள், அன்றைக்கு உண்மையாகவே அப்படி நினைத்தேன்.

பம்பாயில் டாக்ஸி பிடித்ததும் முன் சீட்டில் ஏறி, தலையைச் சன்னலுக்கு வெளியே வைத்துக்கொண்டார். ஏன் முன்னால் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, "டிரைவருக்கு வழி சொல்லணும்லா" என்றார். பம்பாயை அவர் அதற்கு முன் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை.

அதற்கு அரை மணி நேரம் கழித்துத்தான் அந்த "ஸெபரேட்". இரண்டு நாள் என்னைத் தூக்கி உயரத்தில் உட்காரவைத்துவிட்டுக் கீழே போட்டதுபோல இருந்தது. அந்த ரயில் மட்டும் இல்லாவிட்டால் இதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

முன்னாலிருந்து பின்னால்

எனக்கு விமானத்தின் முன்பகுதியில் இடம். பக்கத்தில் ஒரு குஜராத்திப் புருஷன் பெண்டாட்டி, ஐம்பது வயது இருக்கும். விமானம் மேலே கிளம்பியபோது அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். அவர் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் காது அடைத்தது. நான் சீட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

அழவில்லை. கோபம் வந்தால் எனக்கு அழுகை வராது, வார்த்தைதான் வரும். வார்த்தைகளை அடுக்க ஆரம்பித்தேன். அடுக்க அடுக்க, நைரோபி வரைக்கும் எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. இப்போதே போய் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது.

"நான் எறங்குன கையோட திரும்பிப் போறேன். ஒங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி." இதுதான் வாக்கியம். மூன்று தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

பெல்ட்டைக் கழற்றத் தெரியவில்லை. குஜராத்தி அம்மாள் கழற்றிவிட்டார். எழுந்து நடந்தேன்.

நாலு வருஷத்தில் எந்த பஸ்ஸிலும் முன்னாலிருந்து பின்னால் போனவள் இல்லை நான். அந்த வழி எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. போகப் போகப் புகை. அந்தக் காலத்தில் விமானத்தின் பின் வரிசைகளில் சிகரெட் பிடிக்கலாம். கண் எரிந்தது.

கடைசி வரிசை, சன்னலோரம். அங்கே இருந்தார்.

காலுக்கிடையில் இரண்டு காகிதப் பைகள், பலகாரப் பொட்டலம்போல ஒழுங்காக வாய் மடித்து வைக்கப்பட்டிருந்தன. மூன்றாவது பை வலது கையில். இடது கையில் ஒரு எலுமிச்சம்பழம், மூக்கோடு அழுத்திப் பிடித்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

என்னைப் பார்த்ததும் பையை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கப் பார்த்தார்.

"நீ எதுக்கு இங்க வந்த? போ, போய் உக்..."

வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அந்தப் பையை நான்தான் பிடித்தேன். இன்னொரு கையால் நெற்றியைத் தாங்கிக்கொண்டேன். பக்கத்து சீட்டில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த ஆள் எழுந்து, எனக்கு இடம் விட்டு, முன்னால் இருந்த என் சீட்டுக்குப் போய்விட்டார். அவ்வளவு சந்தோஷமாக இடம் கொடுத்த மனிதரை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

கொஞ்சம் அடங்கியதும் கேட்டேன்.

"ஒடம்புக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல. எப்பவும் வாரதுதான்."

"எப்பவும்னா?"

"பஸ்ஸுல வரும். கார்ல வரும். ரயில்ல வராது. ஏரோப்ளேன் எப்படின்னு தெரியல. அதான் தனியா உக்காந்துட்டேன்."

நான் அவர் கையில் இருந்த பழத்தையே பார்த்தேன். கழுவின முகம், கிராம்பு, பிரிக்காத புளிச்சாதம், டாக்ஸி முன் சீட்டு எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"அப்போ இந்த எலுமிச்சம்பழம்?"

"கீறி மோந்து பாத்தா செத்த நேரம் தாங்கும். அய்யனார் கோவில் போன அன்னைக்கு எங்கயோ விழுந்து போச்சு. நீ குடுத்ததையும் வயிறு நெறயத் தின்னுட்டேன். பாதி வழியில எறங்கும்படி ஆச்சு."

"விழல. நான்தான் எடுத்து ஆத்துல எறிஞ்சேன்."

"எதுக்கு?"

"செய்வினைன்னு நெனச்சு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்த சிரிப்பில் நாலாவது பை தேவைப்பட்டது.

அவர் சொன்ன காரணம்

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன? நாலு வருஷமா ஒரே வீட்டுல இருக்கேன்" என்றேன்.

அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"கல்யாணம் முடிஞ்சு ஒங்க ஊர்ல இருந்து வேன்ல வந்தோம்லா. வத்திராயிருப்பு தாண்டுனதும் ஒங்க சித்தப்பா வாந்தி எடுத்தாரு. நீ எப்படிச் சிரிச்ச தெரியுமா? கழுத்துல மாலையோட, அவரு மாதிரியே கண்ண உருட்டி, வாயப் பொத்தி, கிருஷ்ணன்கோவில் வாரவரைக்கும் செஞ்சு காட்டிக்கிட்டே வந்த. வேனே சிரிச்சுச்சு. நான் முன் சீட்டுல பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்துருக்கேன், எனக்கு எப்ப வரும்னு. அன்னைக்கே முடிவு பண்ணேன். இவ கண்ணுல மட்டும் பட்டுறக் கூடாது."

எனக்கு அது நினைவே இல்லை. ஆனால் செய்திருப்பேன். யார் நடையையும் பேச்சையும் பார்த்த மாத்திரத்தில் செய்து காட்டுகிற ஆள் நான். பள்ளிக்கூடத்தில் அதற்காக வெளியே நின்றிருக்கிறேன். சித்தப்பாவுக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

நாலு வருஷம் என் பல்லையும் நிறத்தையும் திட்டிக்கொண்டிருந்தேன். திட்டியிருக்க வேண்டியது என் வாயை. வெட்கமாக இருந்தது. அதைவிட, இந்த மனிதர் என்னைப் பார்த்து வெட்கப்படவில்லை, என்னிடம் பயந்திருக்கிறார் என்பது கஷ்டமாக இருந்தது.

"இப்ப சிரிப்பு வரலயா?" என்றார்.

"வரல" என்றேன். உண்மையாகவே வரவில்லை.

சிறிது நேரம் கழித்து அவராகக் கேட்டார். "ஆமா, நீ எதுக்கு எந்திரிச்சு வந்த?"

மூன்று தடவை சொல்லிப் பார்த்த வாக்கியம் வாய்வரை வந்தது.

"தண்ணி வேணுமான்னு கேக்கத்தான்" என்றேன்.

அவர் தலையாட்டினார். நான் போய்த் தண்ணீர் வாங்கி வந்தேன். நைரோபி வரைக்கும் நாங்கள் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்து போனோம்.

அதற்கப்புறம் போன ஊர்கள்

நைரோபியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் நாத்தனாருக்கு விஷயத்தை எழுதினேன். பதில் வந்தது. "அண்ணனுக்குச் சின்ன வயசிலிருந்தே அப்படித்தான் மதினி. உங்களுக்குத் தெரியாதா? எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியுமே." தெரியாத ஆள் நான் ஒருத்திதான்.

அதன்பிறகு எங்கள் பயணங்களுக்கு ஒரு விதி வந்தது. ரயில் போகிற ஊருக்குத்தான் போவோம். மொம்பாஸா கடலைப் பார்க்க ரயிலில் போனோம், அருமையாக இருந்தது. மில்காரர்களோடு ஒரு தடவை ஜீப்பில் மிருகங்கள் பார்க்கப் போக வேண்டியதாயிற்று. சிங்கம் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது இவர் கண்ணை இறுக மூடி, எலுமிச்சையை மூக்கில் வைத்துக்கொண்டு, "போயிருச்சா, போயிருச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்டது பாதையின் வளைவுகளை. மற்றவர்கள் சிங்கத்தை என்று நினைத்துக்கொண்டார்கள். சிங்கத்துக்குப் பயந்தவர் என்ற பெயரே தேவலை என்று அவரும் விட்டுவிட்டார்.

அங்கேயே மகள் பிறந்தாள். மூன்று வருஷ வேலை நீண்டுகொண்டே போய், தொண்ணூறுகளில்தான் ராஜபாளையத்துக்குத் திரும்பினோம். கொடைக்கானல் பார்க்க வேண்டுமென்று மகள் அடம் பிடித்தாள். ரயிலில் கொடை ரோடு ஸ்டேஷன் வரை போய், மலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஆளுக்கு ஒரு டசன் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலில் வந்துவிட்டோம். அவளுக்கு இன்னும் எங்கள் மேல் கோபம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் டவுன் பஸ்ஸில் மட்டும் அவர் முன்வாசலில் ஏறி என் பக்கத்தில் உட்காருவார். ஒரு கண்டக்டர், "அண்ணாச்சி, இது லேடீஸ் சீட்டு, பின்னாடி போங்க" என்றார். நான் சொன்னேன்: "அனுப்புதேன் தம்பி. வாந்தி வந்தா பின்னாடி இருக்கவுக மேல எடுப்பாக, சம்மதமா?" அதற்குப் பிறகு அந்தத் தடத்தில் யாரும் அவரை எழுப்பியதில்லை. அவர் வாந்தி எடுத்ததும் இல்லை, அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டரை என்னோடு பேசிக்கொண்டே கடந்துவிடுவார்.

இப்போதும் வீட்டுக்கு யார் வந்தாலும் நாலு வருஷம் வாந்தியை மறைத்த கதையை நான் சொல்வேன். அவரும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். முடிவில் அவர் பங்குக்கு ஒன்று சொல்வார், ஒரு தடவைகூட விட்டதில்லை.

"ஆனா ஒண்ணு. எனக்கு என்ன செய்யுதுன்னே தெரியாம, தண்ணி வேணுமான்னு கேக்கணும்னு அம்புட்டுத் தூரம் தனியா எந்திரிச்சு வந்தா பாருங்க. அதுக்குப் பொறவு எனக்கு எந்தக் கொறையும் இல்ல."

அப்போது நான் காப்பி போட உள்ளே போய்விடுவேன்.

இந்தப் பத்திரிகைத் தொடருக்கு நான் எழுதும் தாள்களை அவர்தான் ஒரு தடவை படித்துவிட்டு, உறையில் போட்டு, தபால் பெட்டியில் சேர்த்துவிட்டு வருவார். இந்த வாரத் தாள்களை அவர் தூங்கும்போது நானே கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். பத்திரிகை வீட்டுக்கு வருவதற்குள், அன்று எதற்கு எழுந்து வந்தேன் என்பதை வாயால் சொல்லிவிட வேண்டும். இவ்வளவு பேசுகிறவளுக்கு அது மட்டும் இன்னும் வரவில்லை.